தாப்பாவில் டூர் டி பிரான்ஸ் பார்க்க ஒரு கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பா கடைத்தெருவில், கேமரன் மலைக்குப் போகும் சாலைப் பக்கம் இருக்கும் நம்மவர் சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர்ப்பலகை மங்கிப் பல வருஷமாகிறது. 'கரும்பலகை கடை' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஜூலை மாதம் பூராவும் ராத்திரியில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை இங்கே நேரலையாகப் போடுகிறார்கள். பீடோர், ஆயர் கூனிங் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று வாரமும் விடாமல் பந்தயத்தைத் தொடர நினைக்கிறவர்கள் வீட்டில் தனியாக உட்கார வேண்டாம், இங்கே வாருங்கள். ஒரே ஒரு நாள் எட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் கடையின் அருமை பாதிதான் தெரியும்.

காரணம் அந்தக் கரும்பலகைதான். கல்லாவுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய பழைய பலகை ஒன்றைச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு பாதியில் மறுநாள் சமையல்: மீன் கறி, கோழிப் பெரட்டல், முருங்கைக்கீரை. மறு பாதி பந்தயத்துக்கு. அன்றைய கட்டம், அதாவது ஒரு நாள் ஓட்டம், முடிந்ததும் கடைக்கார அண்ணனின் மகன், எங்களுக்கெல்லாம் தம்பி, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். எத்தனையாவது கட்டம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, ஜெயித்தது யார், அப்புறம் எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிய மொத்தக் கணக்கில் முதல் பத்துப் பேர், ஒவ்வொருவரும் முதல் ஆளைவிட எத்தனை நிமிடம் எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறார்கள் என்பது வரை எழுதுவான். மொத்தக் கணக்கில் முன்னால் நிற்கும் மஞ்சள் சட்டைக்காரர் பெயர் மஞ்சள் சாக்பீஸில். புள்ளிக் கணக்கில் முன்னால் நிற்கும் பச்சைச் சட்டைக்காரர் பச்சையில். மலையேற்றத்தில் முதல் ஆளின் பெயரைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். இளம் வீரருக்கான வெள்ளைச் சட்டைக்கு மட்டும் பெயரைச் சுற்றி ஒரு பெட்டி போட்டுக் காட்டுவான், ஏனென்றால் மற்றதெல்லாம் ஏற்கெனவே வெள்ளையில்தானே இருக்கிறது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் புரியும். பிரான்சுக்கும் நமக்கும் ஜூலையில் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே மதியம் கிளம்புகிற பந்தயம் நமக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்து, பதினொன்று பதினொன்றரைக்குத்தான் முடியும். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்க வேண்டியவர்கள் எப்படி அதுவரை உட்கார முடியும்? நான் செம்பனைத் தோட்ட ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஒன்பதரை மணிக்கு மனசில்லாமல் எழுந்து போவார்கள். ஐந்தரை மணிக்குத் தேத்தண்ணி குடிக்க வரும்போது அவர்கள் கண் முதலில் போவது பலகைக்குத்தான். தூங்கப் போனவர்களும் பந்தயத்தை விட்டுவிடாமல் இருப்பது அந்தப் பலகையால்.

ஒரு காலை நடந்ததைச் சொல்கிறேன். 2025 பந்தயத்தின் 12-ஆம் கட்டம், பிரெனே மலைத்தொடரில் ஓத்தகாம் ஏற்றம். முந்தின நாள் துலூஸில் கட்டம் முடியும் நேரத்தில் ஸ்லோவேனியாவின் தடேய் போகாச்சர் கீழே விழுந்திருந்தார். கை தோலெல்லாம் உரிந்திருந்தது, மலையில் திணறுவார் என்றுதான் பலரும் பேசிக்கொண்டோம். அவரோ ஏற்றம் தொடங்கின கையோடு தனியாகக் கிளம்பி, அவருக்குப் பெரிய போட்டியான டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகார்டைவிட 2 நிமிடம் 10 விநாடி முன்னால் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்பு இருவருக்கும் இடையில் இருந்தது 1 நிமிடம் 17 விநாடி. பலகையில் தம்பி 3:31 என்று எழுதியிருந்தான். மறுநாள் காலையில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் தேத்தண்ணிக் கிளாஸோடு பலகை முன்னால் நின்று, "கணக்கு ஒதைக்குதே தம்பி, ஒன்னு பதினேழும் ரெண்டு பத்தும் மூனு இருவத்தேழுதானே வரணும்?" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். செக்ரோல், அதாவது ஆட்களின் வேலைநாள் கணக்கு, பார்க்கிற ஆள் நான், ஆர்டர் எடுக்கும் காகிதத்தின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, நாலு விநாடி கூடுதலாகத்தான் இருந்தது. அப்புறம்தான் தம்பிக்கு ஞாபகம் வந்தது: கட்டத்தில் முதலாவது வருகிறவருக்கு 10 விநாடி, இரண்டாமவருக்கு 6, மூன்றாமவருக்கு 4 என்று மொத்த நேரத்திலிருந்து கழித்துக்கொடுப்பார்கள். அன்றைக்குப் போகாச்சர் முதலாவது, விங்கெகார்ட் இரண்டாவது. பத்தில் ஆறு போனால் நாலு. கணக்கு நேராகிவிட்டது. அன்று முதல் பலகையில் 'போனஸ்' என்று தனியாக ஒரு வரிசை போட்டான். கேள்வி கேட்டவர் அந்தக் கட்டத்தில் ஒரு நிமிடம்கூடத் திரையில் பார்க்காதவர். இதைவிடக் கூர்மையாகப் பந்தயத்தைத் தொடர முடியுமா, சொல்லுங்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். இந்தப் பந்தயத்தில் ஒரு நாள் முதலாவது வருவது வேறு, மொத்தத்தில் ஜெயிப்பது வேறு. 23 நாளில் 21 கட்டம், நடுவில் இரண்டு நாள் ஓய்வு, 2025-இல் மொத்தம் 3,300 கிலோமீட்டருக்கு மேல். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்குத்தான் மஞ்சள் சட்டை. கடைசியில் போகாச்சருக்கு 76 மணி நேரம் பிடித்தது, விங்கெகார்ட் அவருக்கு 4 நிமிடம் 24 விநாடி பின்னால். 76 மணி நேரத்தில் நாலரை நிமிடம்கூட இல்லை. அது எங்கே எப்படிச் சேர்ந்தது என்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டு வந்தால்தான் ருசி. கைப்பேசியில் முடிவை மட்டும் படிக்கிறவர்களுக்கு இது கிடைக்காது.

இனி சாப்பாடு. ராத்திரி நேரத்தில் இங்கே எடுக்க வேண்டியது அப்பமும் தோசையும். அப்பத்தின் ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் தேங்காய்ப்பால் வாசத்தோடு இருக்கும். சீனி தூவித் தருவார்கள், கேட்டால் சம்பலும் வைப்பார்கள். தோசைக்குக் கொடுக்கும் மீன் கறி மதியத்தில் வைத்தது. ராத்திரிக்குள் புளி நன்றாக ஊறி, மதியத்தைவிட ருசியாக இருக்கிறது. மீ கோரெங் என்கிற வறுத்த மீ எனக்குச் சரிப்படவில்லை, எண்ணெய் அதிகம். ரொட்டி சானாய் ஒன்பது மணிக்கு மேல் போட்டதாக இருந்தால் சவசவவென்று இருக்கும், வேண்டாம். தே தாரிக் (ஆற்றிய பால் தேத்தண்ணி) 2 வெள்ளி 20 காசு. ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். இருந்தாலும் நான்கு பேர் மேசையை ஒரு கிளாஸுக்குப் பிடித்து வைப்பது நியாயமில்லை, ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள்.

எப்போது ஆர்டர் சொல்வது என்பதும் முக்கியம். டிவி மாட்டியிருக்கும் இடம் அடுப்புக்கு எதிரே. சட்டியில் மீ புரட்ட ஆரம்பித்தால் வர்ணனை ஒரு வார்த்தை காதில் விழாது. அதனால் அக்கா, கடைக்கார அண்ணனின் மனைவி, சுவரில் எழுதியே ஒட்டிவிட்டார்: 'கடைசி 5 கிலோமீட்டரில் ஆர்டர் எடுக்கமாட்டோம்.' சொன்னபடியே நடக்கிறார். திரையில் ஐந்து என்று வந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து பார்க்கிறார். பசியோடு இருப்பவர்கள் ஆட்கள் சமவெளியில் ஓட்டிக்கொண்டிருக்கும் எட்டரை, ஒன்பது மணிக்கே சொல்லிவிடுங்கள்.

வர்ணனை ஆங்கிலத்தில்தான். தம்பி நடுநடுவே தமிழில் எடுத்துச் சொல்வான், ஆனால் உண்மையான வர்ணனையாளர் மூலை மேசையில் உட்கார்ந்திருக்கும் மாமாதான். கேமரனிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு பல வருஷம் லோரி ஓட்டியவர். ரிங்லெட்டிலிருந்து லத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைத் தாண்டித் தாப்பா வரை இறங்கும் அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். ஏற்றத்தை எல்லாரும் பார்ப்போம். இறக்கத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். 18-ஆம் கட்டம், ஆல்ப்ஸ் மலையில் மூன்று பெரிய ஏற்றங்கள். இரண்டாவதான மதலேன் கணவாயில் விங்கெகார்டின் அணி போகாச்சரை உதறிவிடப் பார்த்தது, முடியவில்லை. எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்து வந்த இறக்கத்தைக் காட்டி மாமா கையை நீட்டிச் சொன்னார்: "வளைவுக்குள்ள போயி பிரேக் புடிக்கிறானுங்களா பாரும்மா. புடிக்க மாட்டானுங்க. முன்னாலயே புடிச்சு, வளைவுக்கு வரும்போது விட்டுடுவானுங்க. உள்ள போயி புடிச்சா வண்டி ஒன்ன இழுத்துக்கிட்டுப் போயிடும். லோரியும் அப்படித்தான்." அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு பந்தயம். வெளிப்பக்கக் காலைக் கீழே அழுத்தி, உடம்பை உள்பக்கம் சாய்த்து, கண்ணை வளைவின் முடிவில் வைத்து ஓட்டுகிறார்கள். அன்றைக்குக் கடைசி ஏற்றமான லோஸ் கணவாயில் ஆஸ்திரேலியாவின் பென் ஓ'கானர் ஜெயித்தார். கடல் மட்டத்திலிருந்து 2,304 மீட்டர். நம்ம கேமரனின் தானா ராத்தாவைவிட எண்ணூறு மீட்டருக்கு மேல் உயரம் என்று தம்பி சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கூட்டத்துக்குள் ஒளிந்து ஓட்டுவது எவ்வளவு பெரிய உதவி என்பதையும் மாமாதான் புரியவைத்தார். லோரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் மோட்டார்க்காரனுக்குக் காற்று அடிக்காது, அதேதான் இது என்றார். முன்னால் போகிறவர் காற்றை உடைக்க, பின்னால் வருகிறவர் பலத்தைச் சேமித்துக்கொள்கிறார். அது புரிந்த பிறகு 9-ஆம் கட்டத்தை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை, கடையில் உட்கார இடமில்லை. நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூலும் அவர் அணித்தோழர் யோனாஸ் ரிக்கார்ட்டும் தொடக்கத்திலேயே பிய்த்துக்கொண்டு கிளம்பினார்கள். 174 கிலோமீட்டர், தட்டையான சாலை, பின்னால் துரத்துவது முழுக் கூட்டம். ரிக்கார்ட் கடைசியில் ஓய்ந்துபோக, வான் டெர் பூல் தனியாக ஓட்டினார். ஒரு கிலோமீட்டர்கூட மிச்சமில்லாத இடத்தில் கூட்டம் அவரைப் பிடித்து விழுங்கியது. டிம் மெர்லியர் ஜெயித்தார். கடையில் ஒருவரும் மெர்லியருக்குக் கைதட்டவில்லை. பிடிபட்ட ஆளுக்குத்தான் எழுந்து நின்று தட்டினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை இணையம். மோன் வான்டூ ராத்திரி, 16-ஆம் கட்டம். அந்த மலையின் மேல்பகுதியில் மரம் செடி கிடையாது, வெள்ளைப் பாறைக் கற்கள் மட்டும்தான். 1967-இல் இதே பந்தயத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் உயிரை விட்ட மலை. வீரர்கள் காட்டைத் தாண்டி அந்த மொட்டைப் பாறைக்கு வரும் சமயம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடையில் ஒரே சத்தம். தம்பி ஓடிப்போய்த் தன் கைப்பேசியிலிருந்து இணைப்பை எடுத்துக் கொடுத்தான். படம் வந்தது, ஆனால் மங்கலாக. அப்படியும் முடிவைப் பார்த்துவிட்டோம்: அயர்லாந்தின் பென் ஹீலியும் பிரான்சின் வலந்தான் பாரே-பான்த்ரும் தோளோடு தோள், கடைசி நொடியில் பாரே-பான்த்ர். அந்த ஆண்டுப் பந்தயத்தில் பிரெஞ்சுக்காரர் ஜெயித்த முதல் கட்டம் அது. பின்னால் வந்த போகாச்சர் விங்கெகார்டைவிட இரண்டு விநாடி முன்னால் கோட்டைக் கடந்தார். 170 கிலோமீட்டருக்குப் பிறகு இரண்டே விநாடி. அதையும் சேர்த்து இருவருக்கும் இடையிலான மொத்த வித்தியாசத்தைத் தம்பி பலகையில் திருத்தினான்: 4:15. ஆனால் நடுவில் போன அந்த நிமிடங்கள் போனவைதான். மாதாமாதம் பணம் வாங்குகிற இணைய நிறுவனம் பட்டணத்தில் ஒரு மாதிரி, தோட்டப் பக்கம் ஒரு மாதிரி இருப்பது நமக்குப் பழகிய கதை. அதற்காக அண்ணன் சும்மா இருக்கக் கூடாது. ஜூலைக்கு மட்டுமாவது இரண்டாவது இணைப்பு ஒன்று எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது குறை, மலேசியர் ஆடும் பூப்பந்து ஆட்டம் இருந்தால் டிவி அங்கே போய்விடும். நம் ஆட்டக்காரர்களைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடையில் இரண்டு டிவி இருக்கிறது, ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. சரிபண்ணினால் இரு பக்கமும் திருப்தி.

பெண்கள் வரலாமா என்று என்னிடம் ஆபீஸில் கேட்டார்கள். தாராளமாக வரலாம். கடையில் மது கிடையாது, புகைக்கிறவர்கள் வெளியே போய்விட வேண்டும், அக்கா எப்போதும் கடையில் இருக்கிறார். பக்கவாட்டு மின்விசிறிக்குக் கீழே இருக்கும் இரண்டு மேசையைக் குடும்பங்களுக்கென்று விட்டு வைக்கிறார். நான் பெரும்பாலும் என் தங்கை மகளோடு அங்கேதான் உட்காருவேன். கழிப்பறை சுத்தம். வாகனம் நிறுத்த எதிரே இடம் உண்டு. கொசு உண்டு, காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வாருங்கள்.

நம் நாட்டிலேயே டூர் டி லங்காவி இருக்கிறதே, சாலையோரம் நின்று நேரில் பார்க்கலாமே என்பார்கள். பார்த்திருக்கிறேன், பார்க்கவும் வேண்டும். 1996-இல் ஆரம்பித்த பந்தயம் அது. 2010-இல் அனுவார் மனான் ஒரு கட்டத்தை ஜெயித்து, அந்தப் பந்தயத்தில் கட்டம் ஜெயித்த முதல் மலேசியர் ஆனார். கடையில் கல்லாவுக்கு மேலே அவர் படம் போட்ட பத்திரிகைத் துண்டைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் சாலையோரத்தில் போலீஸ் மோட்டார்கள் வரும், கார்கள் வரும், அப்புறம் 'சர்ர்ர்' என்று கூட்டம் கடந்துவிடும். ஒரு முகம்கூடப் பதியாது. அந்த வேகத்தையும் காற்றையும் உடம்பில் உணர அங்கே போக வேண்டும். யார் யாரைத் துரத்துகிறார்கள், யாருக்கு எத்தனை விநாடி மிச்சம் என்று தெரிந்துகொள்ள இந்தக் கடைக்கு வர வேண்டும். லங்காவிப் பந்தயம் நடக்கும் வாரத்திலும் பலகையில் எழுதுங்கள் என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறான்.

ஓய்வு நாளில் கடை ஒன்பது மணிக்கே மூடிவிடும், தெரியாமல் வந்து ஏமாற வேண்டாம். பாரிஸில் முடியும் கடைசிக் கட்டம் மற்ற நாளைவிடத் தாமதமாகத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2025-இல் அது முடியும்போது நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை ஒரு மணி தாண்டிவிட்டது. வெளியே தாப்பா உறங்கிக்கொண்டிருக்கிறது, திரையில் பாரிஸில் மழை. மோன்மார்த்ர் குன்றின் கல் பாவிய சாலையில் மூன்று தடவை ஏற விட்டார்கள். கடைசித் தடவை பெல்ஜியத்தின் வூட் வான் ஆர்ட் போகாச்சரையே பின்னால் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். மஞ்சள் சட்டை ஏற்கெனவே உறுதி, அந்த ஈரச் சாலையில் போகாச்சர் மல்லுக்கு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நின்றார். மூன்று வாரம் அவர் ஜெயிப்பதையே பார்த்துச் சலித்துப்போயிருந்த மாமா அந்த ஏற்றத்தில்தான் அவரை ஏற்றுக்கொண்டார். அண்ணன் அன்றைக்கு இருந்த எல்லாருக்கும் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

2026 பந்தயம் ஜூலை 4-ஆம் தேதி, சனிக்கிழமை, ஸ்பெயினின் பார்சலோனாவில் தொடங்குகிறது. முதல் கட்டமே அணி அணியாக நேரத்துக்கு எதிராக ஓட்டுவது. அணிக்கு ஒரு நேரம், ஆளுக்கு ஒரு நேரம் என்று பலகையில் கணக்கு முதல் ராத்திரியே சிக்கலாக இருக்கும். கூட்டிக் கழிக்கத் தெரிந்தவர்கள் சீக்கிரம் வந்து கல்லாவுக்குப் பக்கத்து மேசையைப் பிடியுங்கள். அண்ணனிடம் இரண்டாவது இணைய இணைப்பைப் பற்றி நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் மட்டும் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.